திசை கேட்டு எழுதிய பெகு தம்பிக்கு

பர்மாவில் பெகு ஊரிலிருந்து ஒரு தம்பி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊரைத் தவிர மற்ற அடையாளங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன். வயது 41, மனைவி, ஆறாவது படிக்கும் ஒரு மகள். அப்பா நாற்பது வருஷம் பருப்பு புரோக்கராக இருந்து போன வருஷம் தவறிவிட்டார். இவர் கைக்குத் தொழில் வந்ததும், கமிஷன் மட்டும் போதாது என்று சொந்தமாக உளுந்து பிடித்து கோடவுனில் வைக்க ஆரம்பித்திருக்கிறார். அதற்குக் கொஞ்சம் வட்டிக்கு வாங்கியிருக்கிறார். கொஞ்சம் உறவில் ஒருவரிடம் 12 பவுன் நகையாக வாங்கி விற்றிருக்கிறார், நகையாகவே திருப்பித் தருவதாகப் பேச்சு. இப்போது கையில் ரொக்கம் நிற்பதில்லை. மலேசியாவில் கிள்ளானில் இருக்கும் அத்தான் "கடையை மூடிட்டு வந்துடு" என்கிறார். அம்மா "அப்பா பேரைக் கெடுக்காதே" என்கிறார். பேதின் சயா, அதாவது பர்மிய ஜோசியர், வடக்கே போகாதே என்றாராம், கோயில் ஐயர் தை பிறக்கட்டும் என்றாராம், இன்னும் மூன்று நண்பர்கள் மூன்று விதமாகச் சொன்னார்களாம். "அக்கா, எனக்குத் திசையே தெரியவில்லை, நீங்களாவது ஒரு வழி சொல்லுங்கள்" என்று முடிக்கிறார். முடித்த பிறகு ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி: "சில ராத்திரி எல்லாத்தையும் விட்டுட்டு ஒரேயடியாப் போயிடலாமான்னு இருக்கு."

தம்பி, அந்தச் சின்ன எழுத்து வரியிலிருந்தே தொடங்குகிறேன். நான் கணக்கு பார்க்கிறவள், மனநல டாக்டர் கிடையாது, ஆனால் இருபத்தைந்து வருஷமாகக் கடன்காரர்களோடும் கடன் கொடுத்தவர்களோடும் உட்கார்ந்து பேசியே பிழைப்பு நடத்துகிறவள், அந்த வரியை எத்தனையோ வாயில் கேட்டிருக்கிறேன், சில பேர் வேடிக்கையாகச் சொன்னார்கள் என்று விட்டுவிட்டுப் பிறகு வருத்தப்பட்டும் இருக்கிறேன். அதனால் நேராகவே கேட்கிறேன். ஊரை விட்டுப் போவதைச் சொல்கிறீர்களா, உயிரை விடுவதைச் சொல்கிறீர்களா? இரண்டாவதுதான் என்றால் இந்தக் கடிதத்தை இங்கேயே நிறுத்திவிட்டு, இன்று ராத்திரிக்கு முன்னால் உங்கள் மனைவியிடம் அந்த ஒரு வரியை மட்டும் வாய் விட்டுச் சொல்லுங்கள், கணக்கு வழக்கெல்லாம் அப்புறம். கோடவுனில் பூச்சிக்கு வைக்கும் மருந்து இருக்கும், அந்த அலமாரிச் சாவியைக் கணக்குப்பிள்ளையிடமோ மச்சானிடமோ கொடுத்துவிடுங்கள். ஏன் என்று கேட்டால் "கொஞ்ச நாளைக்கு நீயே பார்த்துக்கொள்" என்று சொன்னால் போதும். முதலாவதுதான் என்றாலும், மூன்று வாரமாக ராத்திரி மூன்று மணிக்கு முழித்துக்கொள்கிறேன், சாப்பாடு இறங்கவில்லை, வேட்டி இடுப்பில் நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு டாக்டரைப் பார்க்க வேண்டும், இந்த வாரமே. தூங்காதவன் போடுகிற கணக்கில் கூட்டல்கூடத் தப்பாகத்தான் வரும். இதை நான் உவமையாகச் சொல்லவில்லை, அப்படிப்பட்ட பேரேடுகளைத் திருத்திக் கொடுத்திருக்கிறேன்.

சரி, திசைக்கு வருவோம். இந்த நாட்டில் திசை தெரியவில்லை என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும், கோபித்துக்கொள்ள வேண்டாம். பிறந்த கிழமையைச் சொன்னால் சின்னப் பிள்ளைகூட ரங்கூன் ஷ்வேடகோன் புத்தர் கோயிலில் உங்களை இழுத்துக்கொண்டு போய் உங்கள் மூலையில் நிறுத்திவிடும். திங்கள் என்றால் கிழக்கு, புலி. செவ்வாய் என்றால் தென்கிழக்கு, சிங்கம். சனி தென்மேற்கு, நாகம். புதன்கிழமைக்கு மட்டும் காலையில் பிறந்தவனுக்கு ஒரு மூலை, மத்தியானத்துக்கு மேல் பிறந்தவனுக்கு இன்னொரு மூலை. நானும் போய் என் மூலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறவள்தான், சூலே பயா என்ற புத்தர் கோயிலைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பேதின் சயாக்களிடம் கை நீட்டியதே இல்லை என்றும் பொய் சொல்ல மாட்டேன். மனசுக்கு ஆறுதல் கிடைக்கும், அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் உங்களுக்கு எத்தனை மூட்டை பாக்கி இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. நீங்கள் அவரிடம் சொல்லவும் இல்லை.

உங்கள் கடிதத்தில் நான் கவனித்தது இதுதான். அத்தான், அம்மா, ஐயர், பேதின் சயா, மூன்று நண்பர்கள், எட்டாவதாக நான். எட்டுப் பேரிடமும் ஒரே கேள்வி, "நான் என்ன செய்ய?" அதற்கு ஒவ்வொருவரும் அவரவர் பயத்தையோ ஆசையையோதான் பதிலாகச் சொல்ல முடியும். அம்மாவுக்கு ஊர் என்ன பேசுமோ என்ற பயம். அத்தானுக்கு உங்கள் அக்கா தனியாக இருக்கிறாளே என்ற கவலை. இவர்களில் யாரும் உங்களுக்குக் கெடுதல் நினைக்கவில்லை, அதேசமயம் யாரும் உங்கள் கேள்விக்குப் பதிலும் சொல்லவில்லை. ஏனென்றால் அது ஒரே கேள்வி இல்லை. அதற்குள் ஐந்தாறு கேள்விகள் கட்டுப்போட்டுக் கிடக்கின்றன, கட்டைப் பிரித்து எது யாருக்குத் தெரியுமோ அவரிடம் அந்த ஒன்றை மட்டும் கேட்க வேண்டும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது படித்த படிப்பு இல்லை, எங்கள் அம்மா. 1987-இல் எனக்குப் பதினாலு வயது. ரங்கூன் தாம்வேயில் குடியிருந்தோம், அப்பா தோசைக் கடைகளுக்கும் டீக்கடைகளுக்கும் பருப்பு போட்டுக்கொண்டிருந்தார். செப்டம்பர் 5-ஆம் தேதி 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது, மாற்றிக்கொள்ள வழியும் கிடையாது, அவ்வளவுதான், போயிற்று. பிறகு 45-ம் 90-மாக நோட்டு அடித்தார்கள், ஒன்பது ராசியான எண் என்று யாரோ ஜோசியம் சொன்னதால்தான் என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது, மூடியில் ரோஜாப்பூ படம் போட்டது. அது நிறைய 75 கியாட் நோட்டுகள், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுக் கட்டாக, என் பெரியக்கா கல்யாணத்துக்கு வைத்தது. அப்பா அந்த டின்னை மடியில் வைத்துக்கொண்டு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தவர்தான், கிட்டத்தட்ட இரண்டு மாதம். எழுந்தால் யாரிடமாவது யோசனை கேட்கப் போவார், திரும்பி வந்து மறுபடி உட்காருவார். ஒருவர் மெட்ராஸுக்குப் போய்விடு என்றார், இன்னொருவர் மௌல்மேனில் ரப்பர் தோட்டத்தில் வேலை இருக்கிறது என்றார்.

ஒரு நாள் காலையில் அம்மா காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் மூன்று தலைப்பு எழுதினாள். இருக்கிறது, வரணும், தரணும். அம்மாவுக்கு பர்மிய எழுத்து தெரியாது, தமிழ் எழுத்தும் கொஞ்சம் கோணல்தான். டின்னில் இருந்ததை அவள் எழுதவே இல்லை. கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போய் மூட்டைகளை எண்ணினாள், பதினோரு மூட்டை. "நோட்டுதான் செத்துச்சு, பருப்பு சாகலையே" என்றாள். அப்புறம் என்னையும் கூட்டிக்கொண்டு, "வரணும்" என்ற தலைப்பில் எழுதிய கடை ஒவ்வொன்றுக்கும் போனாள், அவர்களிடமும் பணம் கிடையாது, யாரிடமும் கிடையாது. ஒருவர் எண்ணெய் கொடுத்தார், ஒருவர் அரிசி, ஒரு டீக்கடைக்காரர் ஒரு மாதத்துக்கு எங்கள் நாலு பேருக்கும் காலை சாப்பாடு தருகிறேன் என்றார், தந்தார். அப்பா மெட்ராஸுக்கும் போகவில்லை மௌல்மேனுக்கும் போகவில்லை. அக்கா கல்யாணம் மூன்று வருஷம் தள்ளிப்போனது, அதில் அவளுக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு.

உங்களுக்கும் அந்த மூன்று தலைப்புதான். வீட்டில் வேண்டாம், கரண்ட் இல்லாமல் இருட்டில் உட்கார்ந்து எழுதினால் எல்லாமே கூடுதலாகத் தெரியும். காலையில் ஒரு டீக்கடைக்குப் போங்கள், கிரீன் டீ பிளாஸ்க் சும்மாதானே வைக்கிறார்கள், இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். பள்ளிக்கூட நோட்டில் எழுதுங்கள், போனில் வேண்டாம். ஒவ்வொரு கடனுக்கும் நேரே, அது எதில் இருக்கிறது என்று ஒரு கட்டம் போடுங்கள், கியாட்டா, தங்கமா, டாலரா, சரக்கா. நம் ஆட்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தைப் போடுவதில்லை, தொகையை மட்டும் எழுதுகிறார்கள்.

அந்தக் கட்டம் ஏன் என்று சொல்கிறேன். 2021 ஜனவரியில் ஒரு டாலர் ஏறக்குறைய 1,330 கியாட். 2022 ஆகஸ்டில் அரசு விலை 2,100 ஆனது, வெளி விலை அதற்குப் பிறகு 4,000-ஐத் தாண்டிப் போனதும் உங்களுக்குத் தெரியும். நாட்டு நிலைமை பற்றி நான் இங்கே ஒன்றும் எழுதப் போவதில்லை, கணக்கு மட்டும் பேசுவோம். பணத்தின் மதிப்பு இப்படி இறங்கும் காலத்தில் கியாட் லாபம் என்பது பாதி கண்கட்டு. எண்கள் உதாரணத்துக்குத்தான்: 100 மூட்டை உளுந்து, மூட்டை 2 லட்சத்துக்கு வாங்கினீர்கள், 2 கோடி போட்டாயிற்று. 2.3 லட்சத்துக்கு விற்றீர்கள், 2.3 கோடி வந்தது, 30 லட்சம் லாபம் என்று வீட்டில் பாயசம் வைத்தாயிற்று. மறுபடி வாங்கப் போனால் மூட்டை 2.6 லட்சம். அந்த 2.3 கோடிக்கு 88 மூட்டைதான் வரும். பன்னிரண்டு மூட்டை எங்கே போயின? யாரும் திருடவில்லை. உங்கள் பேரேடு லாபம் என்கிறது, கோடவுன் நஷ்டம் என்கிறது, நீங்கள் பேரேட்டை நம்பி வீட்டுச் செலவுக்கு எடுத்துக்கொண்டே இருந்தீர்கள். "விற்பனை நன்றாகத்தான் நடக்கிறது அக்கா, ஆனால் பணம் எங்கே போகிறது என்றே தெரியவில்லை" என்று இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்களே, அநேகமாக இங்கேதான் போகிறது. இனி மூட்டைக் கணக்கு பாருங்கள். மாச ஆரம்பத்தில் எத்தனை மூட்டை வாங்கத் தெம்பு இருந்தது, மாசக் கடைசியில் எத்தனை.

அடுத்தது அந்த 12 பவுன். எனக்கு உங்கள் கடிதத்தில் பயம் தந்தது வட்டிக் கடன் இல்லை, இதுதான். வட்டிக்கு வாங்கிய கியாட், வட்டி எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை, அது மாதம் ஐந்து என்றால் கதை வேறு, ஆனால் அசல் எவ்வளவு என்பதாவது மாறாது, கியாட் இறங்க இறங்க அதன் பாரமும் குறையும். தங்கம் அப்படி இல்லை. அது உலக விலையிலும் ஏறும், கியாட் இறங்குவதாலும் ஏறும், இரண்டு பக்கமும். நீங்கள் உளுந்தில் நின்றுகொண்டு தங்கத்தில் கடன் வாங்கியிருக்கிறீர்கள். உளுந்தும் ஏறும்தானே என்பீர்கள். ஏறும், இந்தியா வாங்குகிற வரைக்கும். நம் உளுந்தை இட்லிக்கும் தோசைக்கும் அரைக்கிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள், அவர்களை விட்டால் இத்தனை சரக்குக்கு வேறு வாய் கிடையாது. அங்கே டில்லியில் ஒரு அறிவிப்பு வந்தால் இங்கே ரங்கூன் பேயின்நாவுங் சந்தையில் அன்று மத்தியானமே விலை விழும். 2017 ஆகஸ்டில் அதைப் பார்த்தோமே: துவரைக்கு வருஷம் 2 லட்சம் டன், உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து 3 லட்சம் டன் என்று வரம்பு கட்டினார்கள், கோடவுன் கோடவுனாகச் சரக்கு தேங்கியது.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கடிதத்தில் நாலு இடத்தில் "அப்பா இருந்தவரை நன்றாக நடந்தது, என் கைக்கு வந்ததும் கெட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். 2017-இல் தொழிலில் இருந்தது உங்கள் அப்பாதான். அன்றைக்கு அவர் தப்பித்ததற்குக் காரணம் கைராசி என்று நான் நினைக்கவில்லை. அவர் கமிஷன்காரர், சரக்கு அவருடையது இல்லை, விலை விழுந்தால் அவருக்கு வருமானம் குறையும், முதல் போகாது. நீங்கள் முதல் போட்டீர்கள். அதைத் தப்பு என்றும் சொல்ல மாட்டேன், பணம் கரையும் காலத்தில் சரக்காக வைப்பது புத்திசாலித்தனம்தான், நானும் என் வீட்டில் அரிசியும் எண்ணெயும் வாங்கி வைக்கிறேன். சொந்தப் பணத்தில் வைத்திருந்தால் உங்களைப் பாராட்டியே எழுதியிருப்பேன்.

அதனால் என் யோசனை, முழுக் கணக்கைப் பார்க்காமல் சொல்வது என்பதை மனசில் வைத்துக்கொண்டு கேளுங்கள். இருக்கும் சரக்கில் ஒரு பகுதியை விற்று, முதலில் தங்கக் கடனை அடைக்கப் பாருங்கள். ஒரேயடியாக முடியாவிட்டால் அந்த உறவினரிடம் நேரில் போய், ஒளிக்காமல், "மாதம் ஒரு பவுன் தருகிறேன்" என்று ஆரம்பியுங்கள். விலை இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று காத்திருக்கத் தோன்றும். தோன்றட்டும், காத்திருக்க வேண்டாம். அப்புறம் ஒரு வருஷத்துக்கு அப்பா செய்த மாதிரிக் கமிஷன் மட்டும் பாருங்கள், கோடவுனில் பாதி காலியாகும், அதை வாடகைக்கு விடுங்கள். அம்மாவுக்கும் இது "கடையை மூடுவது" ஆகாது, அப்பா செய்த தொழிலுக்கே திரும்புவதாகத்தான் தெரியும், அவரோடு சண்டை போட வேண்டிய அவசியமே வராது.

கிள்ளான்? அதை இப்போது முடிவு செய்ய வேண்டாம் என்றுதான் சொல்வேன், ஆனால் இப்போதே விசாரிக்க வேண்டும். அத்தானிடம் "வரலாமா" என்று கேட்காதீர்கள், வா என்றுதான் சொல்வார், அவர் நல்ல மனுஷர். இப்படிக் கேளுங்கள்: என்ன வேலை, யார் முதலாளி, பெர்மிட் யார் பெயரில், யார் செலவில், கையில் எவ்வளவு வரும், அதில் அறை வாடகை போனால் வீட்டுக்கு எவ்வளவு அனுப்ப முடியும், மனைவியும் மகளும் கூட வர முடியுமா, முடியாதா. சுற்றிப் பார்க்க வரும் பாஸில் அங்கே வேலை செய்யக் கூடாது, "முதல்ல வா, அப்புறம் மாத்திக்கலாம்" என்று யார் சொன்னாலும், அத்தானே சொன்னாலும், அதற்கு என் பதில் வேண்டாம் என்பதே. அங்கே போய் மாட்டிக்கொண்டு வந்தவர்களின் கணக்கையும் நான்தான் எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் வந்தால் அப்போது யோசிக்கலாம். அதற்குள் கமிஷன் வருமானம் மூன்று மாதத்துக்கு எப்படி நிற்கிறது என்று உங்கள் கையில் எண் இருக்கும், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கடையை மூடிவிட்டுப் போனால் திரும்பி வந்து திறக்க முடியாது, கொஞ்சம் பொறுத்துப் போனால் அத்தான் அங்கேயேதான் இருப்பார்.

ஐயரிடம், பேதின் சயாவிடம் போவதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். நல்ல நாள் கேளுங்கள். எவ்வளவு விற்க என்று கேட்காதீர்கள்.

ஒரே ஒரு ஆளை உங்கள் பட்டியலில் காணோம் தம்பி. எட்டுப் பேரிடம் யோசனை கேட்டவர், நாலு பக்கம் எழுதியவர், மனைவி என்ன நினைக்கிறார் என்று ஒரு வரி எழுதவில்லை. 12 பவுன் விஷயம் அவருக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம். தெரியாது என்றால் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், நோட்டை அவர் முன்னால் விரித்து வைத்தே சொல்லுங்கள். கோபப்படுவார், இரண்டு நாள் பேச மாட்டார், பிறகு பெரும்பாலும் நடப்பது என்னவென்றால் பேனாவை வாங்கி அவரே கூட்ட ஆரம்பித்துவிடுவார். என் ஆபீஸில் அப்படிப் பல தடவை நடந்து பார்த்திருக்கிறேன், கணவனைவிட மனைவிக்கு யார் யார் நமக்குத் தர வேண்டும் என்பது நன்றாக ஞாபகம் இருக்கும்.

எழுதி முடித்ததும் பெயர்களை மறைத்துவிட்டு அந்தப் பக்கங்களை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன், கட்டணம் வேண்டாம். மூட்டை எண்ணும்போது ஒன்று, மேல் வரிசையை மட்டும் எண்ணி நிறுத்திவிடாதீர்கள். மழைக்காலம் முழுக்க அடி வரிசை சிமெண்டுத் தரையில் கிடந்திருக்கும், ஈரம் ஏறியிருக்கும், பூச்சியும் இருக்கலாம். ஆள் வைத்து அடி வரிசையை வெளியே இழுத்து, நாலு மூட்டையையாவது தராசில் ஏற்றிப் பாருங்கள். 50 கிலோ மூட்டை 30 பர்மா வீசைக்கு (ஒரு வீசை 1.6 கிலோ சொச்சம்) கொஞ்சம் மேலே நிற்க வேண்டும். 32 நின்றால் உளுந்து கூடவில்லை, தண்ணீர் கூடியிருக்கிறது. அந்த மூட்டைகளை உடனே வெயிலில் கொட்டிக் காய வையுங்கள், விற்பதற்கு அவைதான் முதலில் போக வேண்டும்.